தாம்பாளத்தில் மூன்று டிஸ்க்

கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் நேற்று ஒரு போன். "டீச்சர், கஸ்டமர் அழறாரு, என்ன பண்றது?" என்ன பண்றது என்றால்? முதலில் அவரை உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, உங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் நாசமான டிஸ்க்குகளில் பாதி, கை சும்மா இருக்க மாட்டாமல் நாசமானவை. போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கேபிளைச் சொருகிவிட்டீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை, உங்களுக்காவது இருக்கட்டும்.

தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தபோது தஞ்சாவூரில் ஒரு சென்டரில் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவள் நான். அங்கே ஒட்டிக்கொண்ட 'டீச்சர்' என்ற பெயர், சொந்தமாகச் சர்வீஸ் கடை போட்ட பிறகும் போகவில்லை. என்னிடம் படித்தவர்கள் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரோடு அப்பா அம்மாக்கள் என் கடைக்கு வந்தார்கள்.

வந்தவர்களில் அலுவலகத்துக்காரர்களைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. கணக்குப் போனால் காகிதம் இருக்கும். காகிதம் போனால் யாராவது ஒருவர் இன்னொருவர் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். என்னைப் பாடாய்ப் படுத்தியவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள். நாணயம் சேர்ப்பவர், பறவைப் படம் எடுப்பவர், கோலத்தை எல்லாம் ஸ்கேன் செய்து வைப்பவர். இவர்களுக்குச் சேர்க்கத் தெரியும், வைக்கத் தெரியாது. 'புதுசு' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'புதுசு 2', அதற்குள் 'இதுதான் கடைசி', அதற்குள் 'பழசு'. ரோஜாச் செடி வளர்த்த வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். எட்டு வருடத்துப் பூக்களின் படங்களை ஒரே டிஸ்க்கில் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகல் எடுத்து வைத்துவிட்டு, பேக்கப் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். சி-யும் டி-யும் ஒரே வீட்டில் இரண்டு அறை, வீடு இடிந்தால் இரண்டும்தான் போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கடைசியில் வீடு இடிந்தது. என்னிடம் வந்து, "ரெண்டு காப்பி வச்சிருந்தேனே டீச்சர்" என்றார். அவர் தலையில் ஒன்று போடத்தான் தோன்றியது. கஸ்டமராயிற்றே என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்தில் சொன்னதை எல்லாம் சொன்னபடி கேட்ட ஒரே ஆள் கலியமூர்த்தி. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர் இவர். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். அவருடைய பைத்தியம் சிற்றலை வானொலி. உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தமிழில் அரை மணி நேரம் ஒலிபரப்புவார்கள். அதைக் கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்டு, எந்த அலைவரிசை, எத்தனை மணி, தெளிவுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று குறித்து அந்த நிலையத்துக்குக் கடிதம் போடுவார். அவர்கள் அழகான அட்டை ஒன்று அனுப்புவார்கள். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த, இரண்டு கேசட் போடுகிற டேப்ரெக்கார்டர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டதை எல்லாம் பதிவும் செய்தார். முந்நூறுக்கு மேல் கேசட். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நம்பர் வாரியாக நீளமான நோட்டுப் புத்தகத்தில் பச்சை மையில் விவரம். அந்த நோட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஒரே மகள் மலர் படித்து முடித்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று சாக்குப்பையோடு வந்தார். அந்த நிலையங்களில் பல, ஒலிபரப்பையே நிறுத்திவிட்டன. இவரிடம் இருப்பதுதான் இருப்பு. அடுத்து மலர் லீவில் வரும்போது முழுவதையும் அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த வேலையை நானே செய்தேன். எட்டு மாதம் பிடித்தது. இங்கேதான் கவனமாகப் படியுங்கள், நான் செய்த மூன்று காரியங்களைச் சொல்கிறேன். மூன்றும் அப்போது எனக்குச் சரியாகவே பட்டன.

முதலாவது, நிகழ்ச்சிக்கு முன்னால் இருந்த தேவையில்லாத சத்தத்தை எல்லாம் வெட்டினேன். ஒவ்வொரு கேசட்டிலும் தொடக்கத்தில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வீட்டுப் பேச்சும் பாத்திரச் சத்தமுமாகத்தான் இருந்தது. நிலையத்தின் இசை தொடங்குகிற இடத்தைத் திரையில் பார்த்து, அதற்கு முன்னால் இருந்ததை ஒரே தட்டில் அழித்தேன். எதையும் உட்கார்ந்து கேட்கவில்லை. இடம் மிச்சம், கோப்பு சுத்தம்.

இரண்டாவது, வேலை முடிந்ததும், "இந்தக் கேசட்டை எல்லாம் வச்சுக்கிட்டா இன்னும் இருக்கீங்க?" என்று கேட்டேன். "தூக்கிப் போட்டுடலாமா டீச்சர்?" என்றார். தாராளமாக என்றேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டார். பூஞ்சை பிடித்த நாடாவைக் கட்டி அழுது என்ன ஆகப்போகிறது என்று ஏதோ சொன்னேன். அந்தப் போகியில் முந்நூறு கேசட்டையும் வாசலில் போட்டுக் கொளுத்திவிட்டார். புகை அடங்க மத்தியானம் ஆனதாம். என்னிடம் பெருமையாக வந்து சொன்னார்.

மூன்றாவது, எல்லாவற்றையும் மூன்று டிஸ்க்கில் ஏற்றி, மூன்று இடத்தில் வைக்கச் சொன்னேன். ஒன்று அவர் வீட்டில், ஒன்று மன்னார்குடியில் மைத்துனர் வீட்டில், ஒன்று என் கடை அலமாரியில். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். ஆனால் நம் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. அதை எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். கடையில் கூட்டம். நான் லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் என் கடையில் ஆயுத பூஜை நின்றதில்லை. வேலை செய்கிற பிள்ளைகளுக்கு அது வேண்டும், எனக்குப் பொரிகடலை வேண்டும். பூசணிக்காய்க்கு ஆள் அனுப்பிவிட்டு நிற்கிறேன், கலியமூர்த்தி வந்தார்.

"பூஜையில வைக்கணும் டீச்சர். நாளன்னைக்குக் காலையில கொண்டாந்து குடுத்துடுறேன்."

மனசுக்குள் சுருக்கென்றது. கொடுக்கக் கூடாது என்று தெரியும். மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு என்று ஒருவர் கேட்கும்போது நான் மறுத்தால், கிறிஸ்தவச்சி, அதனால் கொடுக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று ஒரு கூச்சம். அந்த மனிதர் அப்படி நினைக்கிற ஆளே இல்லை. ஆனாலும் கூச்சம். அலமாரியைத் திறந்து என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

மற்ற இரண்டும் ஏற்கெனவே அவர் வீட்டில்தான் இருந்தன. மன்னார்குடி டிஸ்க்கையும் அன்று காலை பஸ்ஸில் போய் எடுத்து வந்திருந்தார். மூன்றில் ஒன்றை மட்டும் பூஜைக்கு வைத்து மற்றதை விட்டால் குறையில்லையா?

நடந்ததை அவர் மனைவி வசந்தா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கூடத்தில் சரஸ்வதி படம். அதன் முன் பலகை, பலகைமேல் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் மூன்று டிஸ்க்குகளும் பச்சை மை நோட்டும். டிஸ்க்குகளை நான் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தேன். உறைக்கா பொட்டு வைப்பார்கள் என்று கலியமூர்த்தி அதைக் கழற்றிவிட்டார். டிஸ்க்கின் மேல் ஊசித்துளை மாதிரி ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். காற்று போய் வருவதற்கு. பக்கத்திலேயே, மூடாதே என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பான். பொட்டு வைக்க அம்சமான இடம் அதுதான் என்று பட்டிருக்கிறது. மூன்றிலும் அந்தத் துளைக்கு மேலேயே சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சாயங்காலம் மழை பிடித்தது. ஐப்பசிக்கு முன்னோட்டமாக நம் பக்கத்தில் பெய்யுமே, அந்த மழை. அவர் வீட்டுத் தளத்தில் ஒரு கசிவு உண்டு. ஒவ்வொரு வருடமும் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிற கசிவு. அது சரியாகத் தாம்பாளத்தின் மேல் சொட்ட ஆரம்பித்தது.

வசந்தா எடுத்து வைக்கலாம் என்றிருக்கிறார். கலியமூர்த்தி விடவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை செய்யாமல் கலைக்கக் கூடாது. புத்தகத்தைத் தொடவே கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஊறியவர். ஆனாலும் சும்மா இருக்கவில்லை, ஒரு ஏற்பாடு செய்தார். குடையை விரித்துக் கட்டினார். எதற்கு? சரஸ்வதி படத்துக்கு. படம் நனையவில்லை. குடைக் கம்பி வழியே இறங்கிய தண்ணீரும் சேர்ந்து தாம்பாளத்துக்குத்தான் போயிற்று. ஆய்வகத்தில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் இவர். எனக்கு இதை எழுதும்போதே ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

காலையில் மறுபூஜை முடித்து, மூன்றையும் சந்தனத் தண்ணீரிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, ஒன்றைக் கம்ப்யூட்டரில் சொருகினார். டிக் டிக் என்று சத்தம், பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவதைச் சொருகினார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தபோது வசந்தா கையிலிருந்து பிடுங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, "டீச்சர்கிட்டப் போவோம், கிளம்புங்க" என்றிருக்கிறார். அந்த வீட்டில் அறிவியல் தெரிந்தவர் அவர்தான். அரிசிக்குள் போட்டால் டிஸ்க் பிழைக்காது. ஆனால் கணவருக்கு எட்டாத இடத்தில் அது கொஞ்ச நேரம் இருந்தது.

விஜயதசமி அன்று என் மேஜையில் மூன்று டிஸ்க். மூன்றாவதில் இன்னும் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. கலியமூர்த்திக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க டீச்சர். ஓடுதான்னு மட்டும் பாத்துடலாம்."

நீங்கள் போனில் கேட்டதும் இதையேதான். ஓடுகிறதா என்று மட்டும். எனக்கும் கை துறுதுறுத்தது. ஓடிவிட்டால் அந்த மனிதர் முகம் மாறும், நானும் கொடுத்துத் தொலைத்த குற்றத்திலிருந்து தப்பிப்பேன். டிஸ்க்குக்குள் இருக்கிற தகடு ஈரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினால் பதிந்திருப்பதெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும் என்பதும் தெரியும். இரண்டு மணி நேரம் அவர் கெஞ்சினார். நான் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. தன் பொருளைத் தன்னிடம் கொடுத்துவிடும்படி கேட்டார். "கொடுக்க மாட்டேன் சார்" என்றேன். முந்தாநாள் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

சென்னையில் தூசி இல்லாத அறை வைத்து டிஸ்க்கைப் பிரித்துப் பார்க்கிற ஒருவர் இருந்தார். கூரியரை நம்பாமல் நானே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. சொருகிப் பார்த்த இரண்டும் குப்பை. அரிசிக்குள் கிடந்ததிலிருந்து பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்க முடிந்தது.

கலியமூர்த்தி பச்சை மை நோட்டை எடுத்து வந்தார். நனைந்து காய்ந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உட்கார்ந்து, வந்ததற்கு ஒரு குறி, வராததற்கு ஒரு குறி என்று போட்டோம். வராதவைதான் அதிகம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டித் தொலையுங்களேன் சார் என்று இருந்தது.

குறி போட்டுக்கொண்டே வந்தபோது, சில நம்பர்களுக்குப் பக்கத்தில் 'ஆ' என்று ஓர் எழுத்து இருப்பதைக் கவனித்தேன். என்ன என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். ஆரோக்கியசாமி என்று திருக்காட்டுப்பள்ளிக்காரர், வானொலி நேயர் மன்றத்தில் கூட்டாளி, எலக்ட்ரீசியன். குவைத்துக்குப் போகும்போது, அங்கே தனியாகக் கிடக்கையில் கேட்பதற்கென்று சில கேசட்டுகளை நகல் எடுத்து வாங்கிப் போனாராம். ஒவ்வொரு லீவிலும் இன்னும் கொஞ்சம். நகல் எடுத்ததற்கு அடையாளம் அந்த 'ஆ'.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

"அது ஒழுங்கில்லாத காப்பி டீச்சர். கேசட்டுலேருந்து கேசட்டுக்கு அப்படியே எடுத்தது. வீட்டுச் சத்தமெல்லாம் இருக்கும். நீங்க பண்ணின மாதிரி சுத்தமா இருக்காது."

மறுநாளே இருவரும் திருக்காட்டுப்பள்ளிக்குப் பஸ் ஏறினோம். ஆரோக்கியசாமி ஊரோடு திரும்பி வந்து கடைத்தெருவில் எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார். விமானத்தில் ஒட்டிய சீட்டுகூட இன்னும் பிய்க்காமல் இருந்தது. உள்ளே நாற்பத்தொரு கேசட். முந்நூறில் நாற்பத்தொன்று.

முதலில் கையில் வந்த ஒன்றை அவருடைய டேப்ரெக்கார்டரில் போட்டார். நாடா கொஞ்ச நேரம் சும்மா ஓடியது. பிறகு கலியமூர்த்தியின் குரல், இருபது வயது குறைந்த குரல், தேதியையும் மணியையும் அலைவரிசையையும் சொன்னது. பின்னால் குக்கர் விசில். வசந்தா யாரையோ கூப்பிடுகிறார். பிறகு, "சிக்னல் எவ்வளவு, நீயே சொல்லு" என்று இவர் கேட்க, ஒரு சின்னப் பெண் சொல்கிறாள்:

"மூணு."

"நாலு போடலாம் கண்ணு. நல்லாத்தான் கேக்குது."

"மூணுதான்ப்பா. எவ்ளோ இரையுது பாரு. பொய் எழுதக் கூடாது."

உடனே நிலையத்தின் இசை தொடங்கியது. அந்த இசை எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் அது தொடங்குகிற இடத்தைத் தேடித்தான் எட்டு மாதம் வெட்டினேன்.

டேப்பை நிறுத்தச் சொன்னேன். எல்லாக் கேசட்டிலும் மலர் இருந்தாளா என்று கேட்டேன்.

"அவ பேசக் கத்துக்கிட்டதுலேருந்து எல்லாத்துலயும் இருந்தா டீச்சர். நம்பர் சொல்றது அவ வேலை. காலேஜு போற வரைக்கும் அவதான் சொன்னா."

சாதாரணமாகத்தான் சொன்னார். குறையாகச் சொல்லவே இல்லை. வேலையெல்லாம் முடித்துச் சுத்தமான கோப்புகளைக் கொடுத்த நாளில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒன்றைக் கேட்டுவிட்டு, "பாட்டு சீக்கிரமே வந்துடுதே டீச்சர்" என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நல்லதுதானே சார் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருந்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, கேசட்டைத் தூக்கிப் போடலாமா என்று அவர் இரண்டாவது தடவை கேட்டதும் அதே நாள்தான்.

மழையும் சந்தனமும் கொண்டுபோனது நிகழ்ச்சிகளை. அந்தப் பெண்ணின் குரலை அவை தொடவே இல்லை. அதை முந்நூறு தடவை அழித்துவிட்டு, மிச்சத்தைக் கொளுத்தவும் சொன்னவள் நான். இத்தனை வருடம் கஸ்டமர்களைத் திட்டியே காலம் தள்ளியவள். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பஸ்ஸில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்கு வந்ததும் கேசட்டுகளை நம்பர் வாரியாக என் மேஜையில் அடுக்கினார். மலர் தைப் பொங்கலுக்கு வருகிறாள், அதற்குள் இதையாவது ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். முதல் கேசட்டை எடுத்து என் பக்கமாக நகர்த்திவிட்டு, எப்போதும்போல மரியாதையாகக் கேட்டார்.

"முன்னாடி இருக்கற பேச்சை எல்லாம் எடுத்துடணும்ல, டீச்சர்?"

"வேண்டாம் சார்" என்றேன். "ஒண்ணும் எடுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."